நிலநடுக்க நிவாரணம்: எந்த ஊருக்கு யார் போனார்கள் என்ற கணக்கு யாரிடம் இருக்கிறது?

#1 பெரம்பூர்க்காரர் | ஏப்ரல் 5, 2025, இரவு 9.40

மார்ச் 28-ஆம் தேதி மியான்மரில் 7.7 அளவில் நிலம் நடுங்கியதிலிருந்து இங்கே நாலைந்து இழைகள் ஓடுகின்றன. எல்லாவற்றிலும் என்ன அனுப்பலாம், எவ்வளவு அனுப்பலாம் என்பதுதான் பேச்சு. நான் வேறொன்று கேட்க வந்திருக்கிறேன். அனுப்பிய பொருள் எந்தத் தெருவுக்குப் போனது, அடுத்த தெருவுக்கு ஏன் போகவில்லை, அதை அங்கே யார் எழுதி வைக்கிறார்கள்?

2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று காலை 8.46-க்குக் குஜராத்தின் கட்சில் பூகம்பம் நடந்தது. அடுத்த வாரமே சென்ட்ரலில் நவஜீவன் ஏறி அகமதாபாத் போனோம், பதினோரு பேர். அங்கிருந்து லாரி. சூரஜ்பாரி பாலம் அடிபட்டிருந்ததால் வண்டிகள் ஊர்ந்துதான் நகர்ந்தன. லாரியில் கம்பளி, பால் பவுடர், கொஞ்சம் மருந்து. எந்த ஊருக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பாலம் தாண்டினால் யாராவது சொல்வார்கள் என்று நம்பிப் போனோம்.

யாரும் சொல்லவில்லை. பச்சாவுக்கு முன்னால் ரோட்டோரம் நின்ற ஜனம் கை காட்டியது, நிறுத்தினோம், கொடுத்தோம், ஒரு மணி நேரத்தில் லாரி காலி. மறுநாள் அதே ஊரில் ஒரு தார்பாய்க்குள் ஏழு கம்பளி அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்தவர்கள் எல்லாரும் ரோட்டிலேயே நின்று கொடுத்தார்கள், அவர்கள் வாங்கி வைத்தார்கள். அதற்கு மூன்று நாள் கழித்து ரோட்டை விட்டு எட்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமத்துக்குப் போனோம். அங்கே ஒரு பாட்டி, பேரப்பிள்ளையைக் கோணிச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அங்கே போன முதல் வெளியாட்கள் நாங்கள்தான். பூகம்பம் நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எங்கள் கையில் கம்பளி ஒன்றுகூட மிச்சமில்லை.

அதன் பிறகுதான் பூஜில் அபியான் என்ற கூட்டமைப்பின் கூடாரத்தைத் தேடிப் போனோம். 1998 புயலுக்குப் பிறகே கட்சில் இருந்த தொண்டு அமைப்புகள் சேர்ந்து உண்டாக்கியது அது. அதனால் பூகம்பம் வந்த அன்று அவர்கள் ஒருவரையொருவர் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கிராமங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, கொத்துக்கு ஒன்றாகச் சேது என்று மையம் வைத்தார்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு பையன் நீள நோட்டைப் பிரித்து, கிராமத்தின் பெயர் மேல் விரல் வைத்து, "இங்கே தார்பாய் போயாச்சு, தண்ணீர் போகலை. நீங்க தண்ணீர்ப் பீப்பாய் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டான். கட்சில் எங்களிடம் "என்ன கொண்டு வந்தீங்க" என்று கேட்காமல் "இதைக் கொண்டுவர முடியுமா" என்று கேட்ட முதல் ஆள் அவன்தான்.

மியான்மரின் மாண்டலேயிலும் சகாயிங்கிலும் அந்த நோட்டு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நம் ஊரில் அது யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

#2 மாதவரம் லாரி | இரவு 10.05

அண்ணே, மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல நான் எந்த நோட்டையும் பாக்கல. மாதவரத்துலருந்து 407ல தண்ணி கேன், பிரெட்டு, பாய் ஏத்திக்கிட்டு முடிச்சூர் வரைக்கும் போனோம். இடுப்பளவு தண்ணியில இறங்கிக் குடுத்தோம். கூட்டம், ஒருங்கிணைப்புன்னு உக்காந்திருந்தா பசியில இருக்கறவன் என்ன பண்ணுவான்? கிளம்பறவனைத் தடுக்கற மாதிரி எதுவும் வரக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

#3 பெரம்பூர்க்காரர் | இரவு 10.31

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது? முதல் இரண்டு நாளைக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. எந்த நாட்டுப் பூகம்பத்தை எடுத்தாலும் இடிபாட்டிலிருந்து உயிரோடு வந்தவர்களில் பெரும்பாலோரை இழுத்து வெளியே போட்டது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் காத்திருந்ததில்லை, காத்திருக்கவும் கூடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முடிச்சூருக்குப் போக வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

#4 மாதவரம் லாரி | இரவு 10.58

வாட்ஸ்அப்புலதான் வந்துச்சு. எல்லாரும் முடிச்சூர், கோட்டூர்புரம்னு அனுப்பினாங்க.

நீங்க கேட்டதும் ஒண்ணு ஞாபகம் வருது. எங்க மச்சான் வீடு வியாசர்பாடி. எங்க வீட்டுலருந்து அஞ்சாறு கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தெருவுக்கு மூணு நாளா யாருமே வரல. மச்சானுக்குப் போன் போகல, செத்துப்போச்சு. நாலாவது நாள் என் தங்கச்சியே நடந்து வந்து சொன்னா. நான் முப்பது கிலோமீட்டருக்கு மேல வண்டி ஓட்டிக்கிட்டுப் போயி யார் யாருக்கோ குடுத்திருக்கேன், என் தங்கச்சி வீட்டுல குடிதண்ணி இல்ல. அவளுக்கு அப்ப கைக்குழந்தை வேற.

நீங்க சொல்ற நோட்டு அந்தத் தெருவுக்கு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

#5 ஹாம் அடையாறு | ஏப்ரல் 6, காலை 7.15

மாதவரம் தம்பி எழுதியதில் "போன் போகல" என்ற இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன். நோட்டு எழுதலாம். எழுதியதை இன்னொரு ஊருக்குச் சொல்ல வழி வேண்டுமே.

நிலநடுக்கத்தில் செல்போன் கோபுரம் விழுவதைவிட அதிகம் நடப்பது, மின்சாரம் போய், கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்து, டீசல் கொண்டுபோக ரோடு இல்லாமல் அது அணைந்துபோவது. அதற்கு முன்பே ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் போனை எடுப்பதால் பேச்சு இணைப்பு அடைத்துக்கொள்ளும். குறுஞ்செய்தி அப்போதும் மெல்ல மெல்லப் போய்ச் சேரும். அதனால் அந்த நேரத்தில் யாரையும் கூப்பிடாதீர்கள், எழுதி அனுப்புங்கள்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர், அந்தமானில் இருந்தார். ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போனது அபூர்வமான தீவு நிலையத்திலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காக. 26-ஆம் தேதி காலை நிலம் ஆடியது. போன் அறுந்தது. பொழுதுபோக்குக்காகக் கட்டிய அதே நிலையம் பெருநிலத்தோடு பேசும் வழியாக மாறியது. காணாமல் போனவர்களைத் தேடிய எத்தனையோ குடும்பங்களுக்கு அவர் குரல் வழியாகத்தான் விவரம் போனது.

இது எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு லாரி பேட்டரி, ஒரு எச்.எப். (குறுஅலை) ரேடியோ செட், இருபது மீட்டர் செப்புக் கம்பி. கம்பியை நடுவில் வெட்டி இரண்டு மரத்துக்கு இடையில் கட்டினால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா தயார். உயரமாகக் கட்டத் தேவையில்லை. தாழக் கட்டினால் அலை நேராக மேலே போய் வானத்து அயனி அடுக்கில் பட்டு, சுற்றிலும் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குக் குடை விரித்தாற்போல இறங்கும். மலை குறுக்கே இருந்தாலும் பரவாயில்லை. ஒரு மாவட்டத்துக்கு அது போதும்.

ஆனால் கருவி பாதிதான். மீதி பாதி ஒழுங்கு. அலைவரிசையில் ஒருவர் நெட் கன்ட்ரோலாக உட்காருவார். அவர் கூப்பிட்டால்தான் மற்றவர் பேச வேண்டும். உயிர் போகிற சேதி முதலில், பொருள் சேதி அடுத்து, விசாரிப்பு கடைசியில். கேட்டவர் கேட்டதைத் திரும்பப் படிக்க வேண்டும். "நாப்பது" என்பதா "நாப்பத்தி நாலு" என்பதா என்று இரைச்சலில் புரியாது. அதனால் "நாலு, பூஜ்யம்" என்று எண் எண்ணாகச் சொல்வோம். ஊர்ப்பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வோம். பத்து அமைப்பு பத்து வாக்கி டாக்கியோடு வந்து பத்து அலைவரிசையில் பேசினால், கருவி இருந்தும் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

இன்னொரு எச்சரிக்கை. வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று துரையா, இரிடியம் சாட்டிலைட் போனை இந்தியாவுக்குள் யாரும் கொண்டுவராதீர்கள். இங்கே அவற்றுக்கு அனுமதி இல்லை, கைது செய்வார்கள். 1998-ல் பின்லாந்தின் தாம்பெரே நகரில் போட்ட உடன்படிக்கை, பேரிடரில் தொலைத்தொடர்புக் கருவிகள் எல்லை தாண்டத் தடையாக இருக்கும் விதிகளைத் தளர்த்தவே வந்தது. 2005 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் பூகம்பம் நடந்த நாட்டின் சுங்கச் சாவடியில் ரேடியோ பெட்டி நாள்கணக்கில் கிடப்பது இன்றைக்கும் நடக்கிறது.

#6 வரைபடம் ஓ.எம்.ஆர். | காலை 9.20

ஹாம் ஐயாவின் பதிவை அலுவலகக் குழுவில் போட்டுவிட்டேன். என் பங்குக்கு ஒன்று.

2010 ஜனவரி 12 ஹைத்தி நிலநடுக்கத்தின்போது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்குத் தெருப்பெயர் உள்ள நல்ல டிஜிட்டல் வரைபடமே இல்லை. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத் தெருவாக வரைந்தார்கள், மீட்புக் குழுக்கள் அதைத் தங்கள் ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றிக்கொண்டார்கள். அதே நேரம் 4636 என்ற எண்ணுக்கு இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று வானொலியில் அறிவித்தார்கள். சேதிகள் கிரியோல் மொழியில் வந்து குவிந்தன, வந்திருந்த வெளிநாட்டுக் குழுக்களுக்குக் கிரியோல் தெரியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த ஹைத்திக்காரர்கள் இரவெல்லாம் விழித்து மொழிபெயர்த்தார்கள். "இந்தத் தெருமுனையில்தான் அந்தச் சர்ச், அதற்குப் பின்னால்" என்று இடத்தைச் சரியாகச் சொல்ல ஊர்க்காரர்களால்தான் முடிந்தது.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-க்கு முன்பே காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற அமைப்பின் இளைஞர்கள் பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றியிருந்தார்கள். அந்த வேலை முன்னாலேயே நடந்ததால் பூகம்பத்தன்று ஹைத்தி போல வெறும் தாளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இங்கே நான் 2015 வெள்ளத்தில், உதவி கேட்டவர்களைப் பதியும் ஒரு பொது விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) உட்கார்ந்திருந்தேன். மீட்கப்பட்டவர்களின் வரியை "முடிந்தது" என்று மாற்ற ஆளில்லை. ஒரு கர்ப்பிணிக்குப் படகு வேண்டும் என்ற வரியை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு இரண்டு நாளாக ஒன்பது பேர் போன் செய்தார்கள். அவர் முதல் நாள் மாலையே அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒவ்வொரு அழைப்பிலும் அவர் போனில் இருந்த கொஞ்சம் சார்ஜும் கரைந்தது. தகவலைச் சேர்க்கப் பத்துப் பேர் வந்தால், பழையதை நீக்க இரண்டு பேரை உட்கார வைக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

#7 ஓய்வுபெற்ற ஆர்.ஐ. | காலை 11.45

வணக்கம். வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தவன். சுனாமி சமயத்தில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டேன். இப்போது குரோம்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன்.

சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.28. சென்னையிலேயே பலருக்குக் கட்டில் ஆடியது. நம் கரையில் அலை ஏறியது ஒன்பது மணி வாக்கில். நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. கார் நிகோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் அடித்துவிட்டது என்ற செய்தி நம் கரையை அலை தொடும் முன்பே பெருநிலத்துக்கு வந்திருந்தது. அது ஒரு குப்பத்துக்கும் போய்ச் சேரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007-ல்தான் வந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

நிவாரணத்துக்கு வருகிறேன். ஒரு வாரத்துக்குள் நாகை ரோடெல்லாம் பழைய துணி மலை. மழையில் நனைந்து நாறியது. அதை அள்ளவே தனியாக ஆள் போட்டோம். சாப்பாட்டுப் பொட்டலம் மதியம் ஒரே இடத்தில் மூன்று வண்டி, இரவில் ஒன்றுமில்லை. எந்த அமைப்பு வந்திருக்கிறது, எத்தனை பேர், எந்தக் குப்பத்தில் என்று கலெக்டர் கேட்டால் எங்களிடம் பட்டியல் கிடையாது. அவரவர் நேராக அக்கரைப்பேட்டைக்கோ கீச்சாங்குப்பத்துக்கோ போனார்கள், பேனர் கட்டினார்கள்.

அதை மாற்றியது, சினேகா அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து 2005 ஜனவரித் தொடக்கத்தில் கலெக்டர் அலுவலகத்தை ஒட்டியே தொடங்கிய தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம். புதிதாக வந்தவர் முதலில் அங்கே பதிவு செய்வார், அவரிடம் எந்த ஊர் விடுபட்டிருக்கிறது என்று சொல்வார்கள். மாலையில் கூட்டம். அரசுத் தரப்பும் உட்காரும். கூட்டத்தில் எடுத்த முடிவு மறுநாள் ஆணையாக வரும். அதிகாரி இல்லாத கூட்டமாக இருந்தால் அது வெறும் பேச்சோடு போயிருக்கும். ஊர் தெரிந்த அமைப்பு இல்லாமல் அதிகாரி மட்டும் இருந்திருந்தால், காகிதத்தில் இருக்கும் குப்பத்துக்கு மட்டும் பொருள் போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு முகாமில் இரண்டு அமைப்புகள் தனித்தனியே கழிவறை கட்டின. இரண்டும் வடக்கு ஓரத்தில். தெற்கு ஓரத்தில் இருந்த பெண்கள் இருட்டுக்குக் காத்திருந்து கடற்கரைப் பக்கம் போனார்கள். இருபது பேருக்கு ஒரு கழிவறை, ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்று நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் சர்வதேச ஸ்பியர் கையேடு சொல்கிறது. கூட்டிப் பார்த்தால் அந்த முகாமில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்கே கட்டுவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

#8 மாதவரம் லாரி | மதியம் 12.10

ஐயா, அந்தக் கழிவறை விஷயம் மனசை என்னமோ பண்ணுது. கடைசியில சரி பண்ணாங்களா?

#9 ஓய்வுபெற்ற ஆர்.ஐ. | மதியம் 12.34

பண்ணினோம் தம்பி. பதினெட்டு நாள் ஆனது.

#10 செவிலி ராயபுரம் | ஏப்ரல் 7, இரவு 11.20

டியூட்டி முடிந்து இப்போதுதான் முழு இழையும் படித்தேன். பொருளைப் பற்றியே பேசுகிறோம். ஆள் கைமாறுவதைப் பற்றியும் பேச வேண்டும்.

இடிபாட்டில் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவரை எடுப்பார்கள். வெளியே வரும்போது பேசுவார், தண்ணீர் கேட்பார். எல்லாரும் கை தட்டுவார்கள். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியம், அழுத்தம் விலகியதும் ரத்தத்தில் பாயும். இதயம் நின்றுபோகலாம், இல்லையென்றால் இரண்டு நாளில் சிறுநீரகம் நிற்கும். அதனால் கல்லைத் தூக்கும் முன்பே சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும். கல்லைத் தூக்குவது மீட்புக் குழு, சலைன் ஏற்றுவது மருத்துவக் குழு. இரண்டு குழுவும் பத்து நிமிடம் முன்னால் பேசிக்கொள்ளாவிட்டால் காப்பாற்றப்பட்டவர் கூடாரத்தில் இறப்பார்.

2015-ல் ஒரு மருத்துவக் குழுவோடு காத்மாண்டு போயிருந்தேன். சிந்துபால்சோக் மாவட்டத்திலிருந்து ஹெலிகாப்டரில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மயக்கத்தில் இருந்தார். கூட யாரும் இல்லை, சீட்டு இல்லை, பெயர் இல்லை. இடது கையில் ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டர் மேல் யாரோ நீல மார்க்கரால் ஊர்ப்பெயர், நேரம், கொடுத்த ஊசி, "மகன் 6 வயது, கீழே இருக்கிறான்" என்று எழுதியிருந்தார்கள். எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த ஒரு வரியால் நான்கு நாள் கழித்து அந்தப் பையனைக் கண்டுபிடித்தார்கள். எழுதாமல் அனுப்பப்பட்டவர்கள் அதே வார்டில் பலர் இருந்தார்கள். அவர்களின் வீட்டார் புகைப்படத்தை வைத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கினார்கள். மே 12-ஆம் தேதி மறுபடி 7.3 அளவில் ஆடியபோது எல்லாரையும் கட்டிலோடு மைதானத்துக்குத் தள்ளினோம், இருந்த கொஞ்சம் ரெக்கார்டும் கலைந்துபோனது.

அதிலிருந்து என் பையில் எப்போதும் மார்க்கரும் பிளாஸ்டர் சுருளும் இருக்கும்.

#11 பெரம்பூர்க்காரர் | ஏப்ரல் 8, காலை 6.50

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

சுவரில் எழுதுவதும் இதே வகைதான். 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்கு வந்த வெளிநாட்டு மீட்புக் குழுக்கள் ஒன்றோடொன்று பேச வழியில்லாமல் தடுமாறின. அந்த அனுபவத்திலிருந்து 1991-ல் ஐ.நா.வின் கீழ் இன்சாராக் (சர்வதேசத் தேடல், மீட்பு ஆலோசனைக் குழு) அமைப்பு வந்தது. தேடி முடித்த கட்டடத்தின் வாசலில் எந்தக் குழு, என்று தேடியது, எத்தனை பேரை எடுத்தது என்று ஒரே மாதிரியாகப் பெயின்ட்டில் எழுதுவார்கள். பின்னால் வரும் குழு அதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போகும். உள்ளே உயிர் இருக்கக்கூடிய நேரம் கொஞ்சம்தான், தேடிய வீட்டையே மறுபடி தேடி அதை இழக்கக் கூடாது.

#12 பர்மா பஜார் பேரன் | ஏப்ரல் 8, இரவு 10.15

இங்கே எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

எங்கள் தாத்தா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். பாட்டியின் தங்கை குடும்பம் வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டது. அந்த வழியில் ஒரு சித்தி மாண்டலேயில் இருக்கிறார். 28-ஆம் தேதி மதியத்திலிருந்து 2-ஆம் தேதி இரவுவரை எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. 2021-லிருந்தே அந்த நாட்டில் பல இடங்களில் இணையத்தை முடக்கி வைத்திருக்கிறார்கள், பூகம்பத்துக்குப் பிறகு மின்சாரமும் இல்லை. கடைசியில் யாங்கோனில் இருக்கும் ஒரு மாமா, அங்கிருந்து கிளம்பிய ஒரு வண்டிக்காரர் மூலம் விசாரித்துச் சொன்னார். சித்தி தெருவில் படுத்திருக்கிறார், உயிரோடு இருக்கிறார், பக்கத்து வீட்டில் மூன்று பேர் இல்லை.

நேற்று ஐந்து நிமிடம் பேச முடிந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அஞ்சு கூட்டம் வந்துச்சுப்பா. அஞ்சு பேரும் வீட்டுல எத்தன பேரு, கக்கூஸ் இருக்கா, கெணறு இருக்கான்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. ஒருத்தர் எழுதினத இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டாங்களா? ஆறாவதா வந்தவங்ககிட்ட நான் எழுந்திருக்கவே இல்ல." அரிசி ஒரு தடவைதான் வந்ததாம். பழைய ஆவா பாலம் விழுந்துவிட்டதால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சகாயிங்கில் இன்னும் மோசம் என்றார். நம் ராணுவம் மாண்டலேயில் மருத்துவமனை போட்டிருப்பது டிவியில் வந்ததே, அது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இது யார் மேலும் கோபத்தில் சொல்வதில்லை. ஆனால் ஒருவர் எழுதியதை ஏன் மற்றவருக்குக் கொடுக்கவில்லை என்று எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.

#13 வரைபடம் ஓ.எம்.ஆர். | இரவு 10.50

தோழர், முதலில் சித்தி நலமாக இருப்பதற்கு நிம்மதி.

அவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: ஒவ்வொரு அமைப்பும் தனக்குப் பணம் கொடுப்பவருக்குத் தன் படிவத்தில் அறிக்கை தர வேண்டும். அடுத்த அமைப்பின் படிவத்தில் கேள்வி வேறு, மொழி வேறு. அதனால் ஆளாளுக்கு மறுபடி கேட்கிறார்கள். இதைச் சரிசெய்யத்தான் 2005-ல் ஐ.நா. கிளஸ்டர் முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 8 பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் முதன்முதலாக அதைப் பயன்படுத்தினார்கள். தண்ணீருக்கு ஒரு குழு, தங்குமிடத்துக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, தொலைத்தொடர்புக்கு ஒன்று என்று பிரித்தார்கள். யார், என்ன, எங்கே என்று மூன்று தலைப்பில் ஒரே பட்டியல்.

பட்டியல் நல்லதுதான், ஆனால் அது எந்த அறையில் இருக்கிறது என்பது முக்கியம். ஹைத்தியில் கூட்டம் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. வளாகத்துக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. உள்ளே போக அடையாள அட்டை வேண்டும். ஹைத்தியின் சொந்த அமைப்புகள் பல வாசலோடு நின்றன. அங்கிருந்த ஐ.நா. பணிக்குழுவின் தலைமையகமே இடிந்து அதன் தலைவர் உட்பட நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், வழிநடத்த வேண்டியவர்களே இடிபாட்டுக்குள் கிடந்தார்கள். ஆனாலும் அந்த வாசல் பூட்டியிருந்ததற்கு அது காரணம் இல்லை.

#14 ஓய்வுபெற்ற ஆர்.ஐ. | ஏப்ரல் 9, காலை 8.05

நாகையிலும் ஆரம்பத்தில் ஒரு கூட்டம் இப்படித்தான் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு அமைப்பு ஆங்கிலத்தில் படம் போட்டு விளக்கியது. ஊர்ப் பஞ்சாயத்தார் நான்கு பேர் பின் பெஞ்சில் இருந்தார்கள். படகு எத்தனை அடி என்று பேச்சு வந்தது. படத்தில் இருந்த படகு அந்தக் கடலுக்கு ஆகாது என்று அவர்களுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வெளியே வந்து டீக்கடையில் என்னிடம் சொன்னார்கள். மறுநாள் கூட்டத்தைத் தமிழில் நடத்தச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் உருப்படியாக எழுதிய குறிப்புகளில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

#15 ஹாம் அடையாறு | காலை 9.30

பெரம்பூர்க்காரர் முதல் பதிவின் கடைசி வரியில் நம் ஊரைப் பற்றிக் கேட்டார், யாரும் தொடவில்லை.

2002-ல் திருத்திய நிலநடுக்க வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலம், அதற்கு முன் இரண்டில் இருந்தது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் நடுங்கியதை இங்கே பலர் உணர்ந்திருப்பீர்கள். 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி சுமத்ராவில் 8.6. ஓ.எம்.ஆர். அலுவலகங்கள் எல்லாம் ரோட்டுக்கு வந்தன. ஒரு கட்டடம் விழவில்லை, ஒரு கோபுரம் சாயவில்லை. ஆனாலும் எத்தனையோ பேருக்குப் போன் கிடைக்கவில்லை. என் மனைவி திருவான்மியூரிலிருந்து அடையாறு வரை நடந்தே வந்தார், நான் அவரைத் தேடி எதிர்த்திசையில் போயிருந்தேன். இதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில், போன் இல்லாவிட்டால் எல்லாரும் போய் நிற்க வேண்டிய இடம் என்று ஒரு கோயில் வாசலைக் குறித்தோம்.

அரசு தரப்பில் சேப்பாக்கம் எழிலகத்தில் மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது, 1070. மாவட்டத்துக்கு 1077, மாநகராட்சிக்கு 1913. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் பட்டாலியன். 2023-ல் போனுக்கு நேராக ஒலியோடு எச்சரிக்கை அனுப்பும் சோதனையும் நடந்தது. இவ்வளவு இருக்கிறது. ஆனால் என் தெருவில் எத்தனை படுக்கை நோயாளிகள், எந்த வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர், எந்த மாடியில் தனியாக ஒரு முதியவர் என்ற பட்டியல் மேலே எந்த அறையிலும் இல்லை. அது இஸ்திரி போடும் அண்ணாச்சிக்குத் தெரியும், பால் போடும் பையனுக்குத் தெரியும்.

#16 பெரம்பூர்க்காரர் | ஏப்ரல் 10, இரவு 8.20

அப்படியென்றால் அங்கிருந்தே தொடங்குவோம். பூஜ் நோட்டில் இருந்த பத்திகள் எனக்கு இன்னும் மனப்பாடம். ஊர் அல்லது தெரு. வந்தவர் யார், எந்தத் தேதி. கொடுத்தது என்ன. விடுபட்டது என்ன. இதைச் சொன்னது யார். கடைசிப் பத்தியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். சொன்னவர் பெயர் இருந்தால்தான் திரும்பப் போய்க் கேட்க முடியும்.

செவிலி அம்மா சொன்னதற்கு ஒரு பத்தி, அனுப்பப்பட்ட நோயாளி, எங்கே என்று. ஓ.எம்.ஆர். தம்பி சொன்னதற்கு ஒரு பத்தி, முடிந்துவிட்டதா, என்று அடித்தது என்று. ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும், பேட்டரி இல்லாமல் எழுத வேண்டும். இரண்டு பிரதி, ஒன்று தெருவிலேயே இருக்க வேண்டும். வந்தவர் தன் அறிக்கைக்கு வேண்டுமானால் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும், மக்களை மறுபடி எழுப்பக் கூடாது.

பர்மா பஜார் தம்பி, இதை பர்மிய மொழியில் எழுத உங்கள் வீட்டில் யாராவது இருக்கிறார்களா?

#17 பர்மா பஜார் பேரன் | இரவு 9.02

பாட்டி இருக்கிறார். கண் சரியில்லை, ஆனால் எழுத்து அச்சுப்போல இருக்கும்.

#18 மாதவரம் லாரி | இரவு 9.15

எங்க தெருவுக்கும் தங்கச்சி தெருவுக்கும் நான் எழுதறேன் அண்ணே. ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதான் நிக்கும். தங்கச்சியையும் கூட உக்கார வெச்சுக்கறேன், அவளுக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியும்.

#19 ஹாம் அடையாறு | இரவு 9.40

ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே தெருவுக்கு நான் வருகிறேன். கம்பி, பேட்டரி, செட் மூன்றையும் கொண்டுவருகிறேன். உரிமம் இல்லாமல் யாரும் பேச முடியாது, ஆனால் கேட்கலாம், கம்பி கட்டக் கற்றுக்கொள்ளலாம். நாங்கள் எழுதும் பட்டியலிலிருந்து ஆள் பெயர் இல்லாமல் பத்து வரியை அடையாற்றில் இருக்கும் என் நண்பருக்கு வாசித்துக் காட்டுகிறேன், அவர் திரும்பப் படிக்கட்டும். எத்தனை வரி தப்பாகப் போகிறது என்று பார்ப்போம்.

#20 பர்மா பஜார் பேரன் | ஏப்ரல் 12, மாலை 6.30

பாட்டி இரண்டு நாளாக எழுதினார். கோடு போட நான், எழுத்து அவர். "விடுபட்டது என்ன" என்ற தலைப்புக்குச் சரியான சொல் வராமல் ரொம்ப நேரம் யோசித்தார். படம் எடுத்து யாங்கோன் மாமாவுக்கு அனுப்பியிருந்தேன். அவர் இருபது பிரதி எடுத்து, இன்று காலை மாண்டலே போகும் வண்டியில் கொடுத்துவிட்டதாகக் குரல் பதிவு வந்திருக்கிறது. கூடவே பேனாவும் வைத்தாராம், அங்கே கடை எதுவும் திறக்கவில்லை என்று.

சித்திக்கு இன்னும் சொல்ல முடியவில்லை. போன் போகவில்லை. குறுஞ்செய்தி எழுதி அனுப்பியிருக்கிறேன்.